லாரி நிற்கும்போது 'உஸ்ஸ்' என்று ஏன் சத்தம் வருகிறது?

பிரேக்கில் வேலை முடித்த காற்று வெளியேறும் சத்தம்தான் அது. காரில் பிரேக் ஆயில் செய்கிற வேலையை லாரியில் அழுத்தக் காற்று செய்கிறது. கால் பிரேக்கை விட்டால் சின்ன உஸ், பார்க்கிங் பிரேக் போட்டால் நீளமான உஸ். யாரும் எதையும் தொடாமலே 'டஸ்' என்று வந்தால், ஏர் டிரையர் தான் பிரித்தெடுத்த ஈரத்தைத் துப்புகிறது.

சினிமாவில் காற்று இறங்கினால் பிரேக் பிடிக்காமல் லாரி பறக்கும். நிஜத்தில் நேர்மாறு. பார்க்கிங் பிரேக்கைப் பிடித்திருப்பது காற்றல்ல, பின் சக்கர பிரேக் சேம்பருக்குள் (காற்று வந்து பிரேக்கை இயக்கும் டப்பா) இருக்கும் முரட்டு ஸ்பிரிங். அதை அமுக்கி வைத்து வண்டியை ஓடவிடுவதுதான் காற்றின் வேலை. (கேஜ் போல்ட் போட்டு ஸ்பிரிங்கைக் கட்டாமல் சேம்பரைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.) அமெரிக்க ட்ரெய்லர் லாரிகளில் கம்ப்ரசர் சுமார் 125 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்றேற்றும். பாதிக்குக் கீழே இறங்கினால் பஸர் கத்தும். 20-க்கும் 45-க்கும் இடையில் டேஷ்போர்டில் உள்ள பார்க்கிங் பிரேக் நாப் தானாகவே துள்ளி வெளியே வர, ஸ்பிரிங் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். மறுபடி காற்று ஏறாமல் வண்டி நகராது. காலையில் ஸ்டார்ட் செய்த லாரி கொஞ்ச நேரம் நின்றே உறுமுவது இதற்காகத்தான்.

ட்ரெய்லருக்கு இரண்டு ஹோஸ்கள் போகும். சிவப்பு காற்றை நிரப்ப, நீலம் கால் பிரேக்குக்கு. ஒவ்வொரு ஹோஸின் முனையும் எதிர் முனையோடு கைகுலுக்குவதுபோல் கோத்துக்கொள்வதால் அந்த இணைப்புக்கு 'கிளாட் ஹேண்ட்' என்று பெயர். ஓட்டத்தில் கிங் பின் (ட்ரெய்லரை லாரியோடு இணைக்கும் முளை) கழன்று ட்ரெய்லர் பிரிந்தால் சிவப்பு ஹோஸ் அறுந்து, ட்ரெய்லர் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். ஹோஸ்களை மாற்றி மாட்டினால் ஸ்பிரிங் பிரேக் உள்ள ட்ரெய்லர் விடுபடாது. ஸ்பிரிங் இல்லாத பழைய ட்ரெய்லராக இருந்தால் மோசம்: வண்டி நகரும், ட்ரெய்லருக்கு மட்டும் பிரேக் இருக்காது.

கசிவு பார்க்க, இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து (சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு), பெடலை ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்க வேண்டும். ட்ரெய்லரோடு சேர்த்து 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் வண்டியை எடுக்கக்கூடாது.

அப்படியானால் மலையிறக்கத்தில் பிரேக் போவது எதனால்? சூட்டால். சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடேறி விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகும். ஷூவைத் தள்ளும் சேம்பரின் புஷ் ராடு நீளும் தூரமோ அளவோடுதான். இந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் ஏற்கெனவே தளர்ந்திருந்தால், மீட்டரில் காற்று நிறைய இருந்தும் ஷூ டிரம்மை எட்டாது. அதனால் இறங்குவதற்கு முன்பே சின்ன கியருக்கு வந்து, வேகத்தை இன்ஜின் பிரேக்கிடம் (இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிப்பது) விடுவார்கள். அதையும் மீறி வேகம் ஏறினால் அழுத்தி மிதித்து மணிக்கு 8 கி.மீ. குறைத்து, முழுசாக விட்டுவிட வேண்டும்.