ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு எடை மறுபடி ஏறுவதற்கு மனசும் காரணமாக இருக்குமா?

சகோதரி, உங்கள் கணவருக்கு எடைக் குறைப்புக்காக ஸ்லீவ் ஆபரேஷன் நடந்து இரண்டு வருடம் ஆகிறது என்கிறீர்கள். முதல் வருடம் மளமளவென்று இறங்கிய எடை இப்போது ஏறுகிறது. டாக்டர் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னதும் "நான் என்ன பைத்தியமா?" என்று எகிறுகிறார். மனசுக்கும் எடைக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு, நிறையவே உண்டு. நான் டாக்டர் இல்லை, அதே ஆபரேஷன் செய்துகொண்டவன். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஆபீஸில் ஷிப்ட் வேலை. பட்டதையும் டாக்டர்களிடம் கேட்டதையும் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்கிற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் முதல் வருடம் பசியே பெரிதாகத் தெரியாது, பெரும்பாலும் எல்லோருக்கும் எடை இறங்கும். ஒன்று, ஒன்றரை வருடத்தில் எடை அடிமட்டத்தைத் தொட்டு நிற்கும். அப்புறம் உடம்பு பழகிக்கொள்ளும், பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், எடையும் சற்று ஏறும். இது பலருக்கும் நடப்பது. இதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் இந்தக் கட்டத்தில்தான் பலர் "எல்லாம் போச்சு" என்று நினைத்து ரிவ்யூவுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர் திட்டுவாரோ, எடை மெஷினில் ஏறவேண்டுமே என்கிற கூச்சம்தான் காரணம். தொடர்ந்து ரிவ்யூவுக்குப் போகிறவர்களுக்குத்தான் எடை நன்றாக நிற்கிறது என்பது எல்லா ஊர் டாக்டர்களும் சொல்வது.

எதிர்பார்ப்பும் இதில் சேரும். 130 கிலோ இருந்த ஒருவருக்கு உயரத்துக்குத் தக்க எடை 70 என்றால், கூடுதலாக இருப்பது 60 கிலோ. அதில் பாதி குறைந்தாலே ஆபரேஷன் வெற்றி என்று டாக்டர்கள் கணக்கு வைப்பார்கள். அதாவது 100 கிலோவில் நின்றாலும் அது வெற்றிதான். ஆபரேஷனுக்குப் போகிறவரோ மனசுக்குள் 70-ஐ எழுதி வைத்திருப்பார். 30 கிலோ இறக்கிய மனிதர் தோற்றுப்போனவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பாடு அவருக்கு என்ன வேலை செய்து கொண்டிருந்தது? பசியைத் தீர்த்ததைத் தவிர?

எனக்கு ஷிப்ட் முடிந்ததும் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடை. அத்தோ என்றால் பர்மா நூடுல்ஸ். தட்டு நிறைய அத்தோ, மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு வறுவல், ஒரு கப் வாழைத்தண்டு சூப், இரண்டு மசாலா முட்டை. ஆபீஸில் நாள் முழுக்க போன், வீட்டுக்குப் போனால் கடன், பிள்ளை படிப்பு, அம்மாவின் மாத்திரை. அந்தக் கடை வாசலில் நிற்கிற நேரம் மட்டும்தான் யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம். ஆபரேஷன் இரைப்பையைச் சின்னதாக்கியது. அந்த நேரத்தின் தேவை அப்படியே இருந்தது.

ஆலோசகர் இதை உட்கார்ந்து பேசிக் கண்டுபிடித்துவிடவில்லை. ஒரு சின்ன நோட்டு போடச் சொன்னார். எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டேன், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அப்போது வயிறு பசித்ததா. இவ்வளவுதான். சில வாரம் எழுதியதும் பக்கமே பேசியது. இட்லி, மீன், முட்டை எழுதிய இடமெல்லாம் பசி என்றிருந்தது. மிக்சர், முறுக்கு, டீயில் நனைத்த பிஸ்கட் எழுதிய இடத்தில் "பார்ட்டி போனில் கத்தினான்", "பையன் ரேங்க் கார்டு", "தூக்கம் வரவில்லை" என்றிருந்தது. இந்த முறைக்கு சிபிடி என்று பெயர். நினைப்பு, உணர்ச்சி, பழக்கம் மூன்றும் எங்கே ஒன்றையொன்று இழுக்கின்றன என்று பார்த்து, அந்த இடத்தில் வேறொன்றைப் பழக்குவது. எனக்குப் பழக்கியது, ஷிப்ட் முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல் நண்பனோடு கொஞ்ச நேரம் நடந்துவிட்டுப் போவது. உங்கள் கணவருக்கு வேறு ஏதாவது பொருந்தும்.

ஸ்லீவ் ஆனவர்கள் ஏமாறும் இடமும் இந்த மிக்சர்தான். இரண்டு துண்டு வஞ்சிரமோ கொஞ்சம் சிக்கனோ சாப்பிட்டால் வயிறு கெட்டியாக நிறைந்துவிடும், மேலே போகாது. மிக்சரும் பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் அப்படித் தங்காது, சுலபமாக இறங்கிவிடும். இரண்டு இட்லிக்கு மேல் முடியாத ஆள், சமையலறைப் பக்கம் போகும்போதெல்லாம் டப்பாவைத் திறந்து ஒரு பிடி எடுத்தே சாயங்காலத்துக்குள் பாக்கெட்டை முடித்துவிட முடியும். ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் கொறித்துக்கொண்டே இருப்பதும், "நிறுத்த முடியவில்லை" என்ற உணர்வோடு சாப்பிடுவதும்தான் எடை ஏறுவதோடு நெருக்கமாகச் சேர்ந்து வருகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆபரேஷனுக்கு முன்பு ஒருவருக்கு மனச்சோர்வு இருந்ததா என்பதை மட்டும் வைத்து எடை எவ்வளவு குறையும் என்று அப்படித் தெளிவாகச் சொல்ல முடிவதில்லை. இது நல்ல செய்தி என்றே நினைக்கிறேன். பழைய மனக்கஷ்டம் ஒருவரின் பலனை முன்கூட்டியே எழுதிவிடவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது வீடும் சொந்தமும். எங்கள் வீட்டில் ஆபரேஷனைப் பித்தப்பைக் கல் என்றுதான் எல்லோரிடமும் சொன்னார்கள். "சோத்தைக் குறைக்கத் துப்பில்லாம வயித்தை அறுத்துக்கிட்டான்" என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று அம்மாவுக்குப் பயம். லேப்ரோஸ்கோப்பியில் வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புதான் என்பதால் கதையும் பொருந்திவிட்டது. ஆனால் அந்த ரகசியம் சும்மா இருக்காது. கொருக்குப்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் மாமா பிரியாணியை அள்ளி வைக்கிறார், "கல்லை எடுத்தாச்சுல்ல, நல்லா சாப்புடு மாப்ள" என்கிறார். என்ன சொல்லி மறுப்பது? எடை இறங்க இறங்க தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் "இன்னாப்பா இப்டி ஆயிட்ட, சுகரா?" என்று கேட்டார்கள். நம் ஊரில் இளைத்தவனை யாரும் வாழ்த்துவதில்லை, நோயாளியாகத்தான் பார்ப்பார்கள். அம்மாவோ ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வந்த நண்டைச் சமைத்து வைத்துவிட்டு, தட்டில் மிச்சம் வைத்தால் முகம் வாடிப்போவார். அவருக்குப் பரிமாறுவதுதான் பாசம். உண்மையை இரண்டு மூன்று நெருங்கிய சொந்தங்களிடம் சொன்ன பிறகுதான் பந்தியில் எனக்காகப் பேச ஆள் கிடைத்தது. உங்கள் வீட்டிலும் இதை மூடி வைத்திருந்தால், நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்ல முடியுமா என்று பாருங்கள்.

உடம்பு இளைத்தாலும் மனசில் இருக்கிற உருவம் சீக்கிரம் இளைப்பதில்லை. தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோவில் "ரெண்டு ஆள் காசு குடு" என்று கேட்டே பழகியவன் நான். பாதி ஆளாக ஆன பிறகும் சீட்டின் நுனியில்தான் உட்காருவேன், கடையில் பழைய அளவுச் சட்டையைத்தான் கை எடுக்கும். நெஞ்சிலும் வயிற்றிலும் தொங்குகிற தோல் பற்றி ஆம்பளைகள் வாயே திறக்க மாட்டோம். வீட்டுக்குள்ளேயே சட்டையைக் கழற்ற மாட்டோம். உங்கள் கணவர் அப்படி இருந்தால் கேலியாகக்கூட எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் நின்றதும் சிலருக்குக் குடி அந்த இடத்துக்கு வருகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு, முக்கியமாக இரைப்பை பைபாஸ் என்கிற இன்னொரு வகை எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு, சரக்கு வேகமாக ரத்தத்தில் ஏறும், பழைய அளவிலேயே போதை பல மடங்கு தெரியும். 2012-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், குடிப் பிரச்சினை ஆபரேஷனுக்குப் பின் முதல் வருடத்தில் கூடவில்லை, இரண்டாவது வருடத்தில்தான் கூடியது. உங்கள் கணவர் இருக்கும் கட்டம் அதுதான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்த ஆய்வு ஒன்றில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிந்தைய வருடங்களில் அதிகமாக இருந்தார்கள். அதனால் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டாலோ, தூக்கம் கெட்டாலோ, "இருந்து என்ன பிரயோஜனம்" என்பது மாதிரி ஏதாவது சொன்னாலோ எடையை மறந்துவிட்டு அன்றைக்கே உதவி தேடுங்கள். 14416 டெலிமானஸ் இலவச எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நேரில் போக நம் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கிறது.

எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டிவிடவும் கூடாது. பி12-ம் இரும்புச்சத்தும் குறைந்தாலே ஆள் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பார். வைட்டமின் மாத்திரையை விட்டுவிட்டாரா என்று பாருங்கள். தைராய்டு பார்க்க வேண்டும். சில மனநல மாத்திரைகள், ஸ்டீராய்டு, இன்சுலின் இவையும் எடையைக் கூட்டும். அதற்காக எந்த மருந்தையும் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் மாற்று கேட்க வேண்டும்.

அவரை எப்படி அழைத்துப் போவது என்று கேட்டிருந்தீர்கள். "இவ்வளவு செலவு பண்ணி" என்ற வாக்கியத்தை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. டப்பாவை ஒளித்து வைப்பதும் வேண்டாம், ஒளித்துத் தின்னத்தான் அது பழக்கும். பைத்தியமா என்று கேட்டால், ஆபரேஷனுக்கு முன்பே மனநல மதிப்பீடு செய்வது பல நாடுகளில் வழக்கம், இது அதன் தொடர்ச்சி என்று சொல்லுங்கள். என் மனைவி என்னிடம் சொன்னது, "நானும் கூட வந்து உக்கார்றேன், என்கிட்ட என்ன தப்புன்னு அவங்க சொல்லட்டும்." அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், முடிந்தால் ஒரு வாரத்து நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் போங்கள். முதல் நாள் அவர் வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.