ஃப்ரீமேசன் ஆக 18,500 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் பனியன் ஜாப்-ஒர்க் யூனிட் நடத்துகிறேன். ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர ரொம்ப நாளாக ஆசை. போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒருவர் தொடர்புகொண்டு, 18,500 ரூபாய் அனுப்பினால் ஒரே வாரத்தில் மெம்பர் கார்டும் மோதிரமும் கூரியரில் வரும் என்கிறார். அனுப்பலாமா? சேர்ந்தால் தொழிலுக்கு உதவுமா? என் பார்ட்னரும் சேர நினைக்கிறார், அவர் ஆர்.சி. கிறிஸ்தவர். என் மனைவியோ, "அது இலுமினாட்டி, உள்ளே போனால் வெளியே வரவே முடியாது" என்று பயப்படுகிறார்.

பதில்: பணம் அனுப்பாதீர்கள். அந்த ஆள் மேசன் இல்லை. ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் இந்தப் பதிலை அப்புறம் படியுங்கள், முதலில் 1930 என்ற சைபர் மோசடி எண்ணுக்கு போன் போடுங்கள்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், மேசன்கள் யாரையும் தேடிப் போய் ஆள் சேர்ப்பதில்லை. சேர விரும்புகிறவர்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நான் உறுப்பினராகி 22 வருடம் ஆகிறது. என்னை முன்மொழிந்தவர் என் பக்கத்துத் தெருக்காரர். நானாகக் கேட்கும்வரை அவர் இந்தப் பேச்சையே எடுத்ததில்லை. கேட்ட பிறகும், "அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்றுதான் சொன்னார். விண்ணப்பம் கொடுத்து உள்ளே போவதற்குள் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒரு வாரத்தில் கார்டு என்பது ரேஷன் கார்டுக்கே நடக்காது.

இது என்ன சங்கம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசன் என்றால் கொத்தனார். கற்கோயில் கட்டிய கொத்தனார்களின் கருவிகளை எடுத்து, ஒழுக்கப் பாடத்துக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். சங்கத்தின் சின்னத்தில் இருப்பது மூலைமட்டமும் கவராயமும். உங்கள் யூனிட்டுக்குச் சுவர் எழுப்பிய கொத்தனார் கையில் பார்த்திருப்பீர்களே, அதே மூலைமட்டம்தான். ரசமட்டமும் தூக்குக்குண்டும்கூட உள்ளே உண்டு. 1717ல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடி முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன. கிளைக்குப் பெயர்தான் லாட்ஜ், கிளைகளுக்கெல்லாம் தலைமை கிராண்ட் லாட்ஜ். கல்யாணமான புதிதில் "சாயங்காலம் லாட்ஜுக்குப் போகிறேன்" என்று மாமியார் வீட்டில் சொல்லி நான் பட்ட பாடு தனிக்கதை. நீங்கள் "மீட்டிங்" என்றே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. சென்னை மெரினாவில் டி.ஜி.பி. அலுவலகம் இருக்கும் வெள்ளைக் கட்டடம் 1839ல் மேசன்களின் கூடமாகக் கட்டப்பட்டதுதான். ஆற்காட்டு நவாப் முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களிலேயே திருச்சியில் மேசன் ஆனார். இந்தியர்களில் முதல் மேசன் என்று அவரைச் சொல்வார்கள். விவேகானந்தர், நரேந்திரநாத் தத்தராக இருந்தபோது, 1884ல் கல்கத்தாவில் ஒரு லாட்ஜில் சேர்ந்தார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று தனித்தனிக் கிராண்ட் லாட்ஜுகளின் கீழ் இருந்த கிளைகளில் பலவும் சேர்ந்து 1961ல் இந்தியக் கிராண்ட் லாட்ஜ் உருவானது. தென்னிந்தியப் பிராந்தியத்துக்குத் தலைமையிடம் சென்னை.

சரி, சேரும் வழி. உங்களுக்குத் தெரிந்த மேசன் யாராவது இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். டாக்டர், ஆடிட்டர், மில்காரர் வட்டாரத்தில் விசாரித்தால் ஒருவராவது அகப்படுவார். இல்லையென்றால் கோவையில் மேசானிக் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, மேசன்களின் தர்ம காரியம் அது. அங்கே போய், "லாட்ஜ் செயலாளரைப் பார்க்க வேண்டும், யாரிடம் கேட்பது?" என்று கேளுங்கள். சென்னைக்குப் போகிற வேலை இருந்தால் எழும்பூர் எத்திராஜ் சாலையில் ஃப்ரீமேசன்ஸ் ஹால் இருக்கிறது. ரகசியச் சங்கம் என்கிறார்கள், வாசலில் போர்டு மாட்டியிருக்கிறது.

விண்ணப்பத்தில் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும், முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர். உங்களுக்கு யாரையும் தெரியாது என்றால் சில மாதம் பழகிய பிறகுதான் கையெழுத்து கிடைக்கும். அதில் மனம் கோணாதீர்கள். உங்கள் நடத்தைக்கு அவர்கள் ஜாமீன் நிற்கிறார்கள்.

அடுத்தது விசாரணை. என் வீட்டுக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். வேலை, வருமானம், ஏதாவது வழக்கு உண்டா என்று என்னிடம் பத்து நிமிடம் கேட்டிருப்பார்கள். பிறகு காபி கொண்டுவந்த என் மனைவியை உட்காரச் சொல்லி, "மாசத்தில் ஒரு சாயங்காலம் இவர் வீட்டில் இருக்க மாட்டாரம்மா. சந்தாவும் கட்ட வேண்டியிருக்கும். உங்களுக்குச் சம்மதம்தானா?" என்று கேட்டார்கள். மிச்ச நேரமெல்லாம் அவளோடுதான் பேச்சு. அவள் வேண்டாம் என்றிருந்தால் அன்றே என் விண்ணப்பம் மடிந்திருக்கும். எல்லா லாட்ஜிலும் வீடு தேடி வருவார்கள் என்று இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் இருக்கும் பயத்தை வைத்துச் சொல்கிறேன், நீங்களே அவர்களைக் காபிக்குக் கூப்பிடுங்கள். இலுமினாட்டி சந்தேகத்தை உங்கள் மனைவி நேரடியாகவே கேட்கட்டும். அந்தப் பெயரில் ஜெர்மனியின் பவேரியாவில் 1776ல் ஒரு சங்கம் தொடங்கியது உண்மை. பத்து வருடத்துக்குள் அந்த ஊர் அரசு அதைத் தடைசெய்துவிட்டது. இன்று அந்தப் பேர் சொல்லிப் பணம் கேட்பவன் உங்கள் வாட்ஸ்அப் ஆளின் பங்காளியாகத்தான் இருப்பான்.

பிறகு ஓட்டு. மரப்பெட்டி ஒன்று சுற்றி வரும். ஒவ்வொருவரும் வெள்ளைக் குண்டோ கருப்புக் குண்டோ எடுத்து, மூடிய கைக்குள் வைத்தபடி பெட்டிக்குள் போடுவார்கள். யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. பெரும்பான்மைக் கணக்கு இதில் இல்லை. ஓரிரண்டு கருப்பே ஒருவரை நிறுத்திவிடலாம். அப்படி நின்றுபோனால் காரணம் கேட்டு நச்சரிக்காதீர்கள், சொல்ல மாட்டார்கள்.

தகுதி என்று பார்த்தால், 21 வயது முடிந்த ஆணாக இருக்க வேண்டும், இறை நம்பிக்கை வேண்டும். எந்தச் சாமி என்று கேட்க மாட்டார்கள். கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாகிப், பார்சிகளின் அவெஸ்தா என ஐந்து நூல்களை நம் நாட்டு லாட்ஜுகளில் திறந்து வைப்பது வழக்கம். உங்கள் நூலின்மேல் கை வைத்துத்தான் உறுதிமொழி. கூட்டத்துக்குள் மதச் சண்டைக்கும் கட்சி அரசியலுக்கும் இடமில்லை. கடவுள் இல்லை என்பவர் பொய் சொல்லிச் சேருவது, அவருக்கும் மரியாதை இல்லை, எங்களுக்கும் மரியாதை இல்லை.

இந்த இடத்தில்தான் உங்கள் பார்ட்னர் நின்று யோசிக்க வேண்டும். லாட்ஜ் அவரைத் தடுக்காது, அவருடைய திருச்சபைதான் தடுக்கிறது. 1738ல் போப் பன்னிரண்டாம் கிளமென்ட் போட்ட தடை இன்றுவரை விலகவில்லை. சேரும் கத்தோலிக்கர் நற்கருணை பெறக்கூடாது என்று வத்திக்கான் 1983ல் எழுத்திலேயே அறிவித்தது. 2023லும் அதையே உறுதிசெய்தது. "எங்கள் லாட்ஜில் நாலைந்து ஆர்.சி. இருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். அதை நம்பி இறங்காமல் பங்குத் தந்தையிடம் முதலில் பேசச் சொல்லுங்கள். மனசாட்சியை உறுத்தும் இடத்தில் போய் அவர் சகோதரத்துவத்தைத் தேட வேண்டாம்.

தொழிலுக்கு உதவுமா என்று கேட்டீர்கள். விண்ணப்பதாரர், ஆதாயம் எதிர்பார்த்து வரவில்லை என்று அறிவிக்க வேண்டும். அது வெறும் சடங்கு இல்லை. போன வாரம் சேர்ந்து இந்த வாரம் விசிட்டிங் கார்டு நீட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அடுத்த வருடம் அவர்கள் வருவதில்லை. ஆர்டர் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் வர்த்தக சபைக்குப் போங்கள். அங்கே அதைக் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

செலவு லாட்ஜுக்கு லாட்ஜ் மாறும். சேர்க்கைக் கட்டணம், வருடச் சந்தா, கூட்டத்துக்குப் பிந்தைய சாப்பாட்டுப் பங்கு, தர்மத்துக்கு நன்கொடை, கோட்டு சூட்டு என்று ஐந்தையும் கூட்டி எழுதிக் கொடுக்கச் சொல்லி செயலாளரிடம் கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார். சேர்க்கைக் கட்டணத்தை லாட்ஜிடம்தான் கட்டுவீர்கள், அதற்கு ரசீதும் வரும்.

நேரச் செலவு அதைவிடப் பெரிது. மூன்று படிகள் உண்டு. முதல் படியிலிருந்து இரண்டாவதுக்குப் போகக் கேள்வி பதிலாக ஒரு பாடத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். பெரும்பாலும் பழங்கால ஆங்கிலம். வாய்ப்பாடு மாதிரி கடம் அடித்தே தீர வேண்டும். நான் பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்துப் படித்தேன்.

முதல் நாள் சடங்கைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணைக் கட்டுவார்கள், பேன்ட்டின் ஒரு காலை மடித்துவிடுவார்கள். வாசலில் உருவிய வாளோடு ஒருவர் நிற்பார். அவருக்கு டைலர் என்று பேர், தையல்காரர் இல்லை. உள்ளே போகும் முன் மோதிரம், சில்லறை எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். பாக்கெட்டில் ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது. ஏன் என்பது அன்றைக்கே புரியும், நான் சொல்லிக் கெடுக்க மாட்டேன். நாங்கள் காப்பாற்றும் ரகசியம் என்பது ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் சில சொல்லும் கைகுலுக்கலும்தான்.

உங்கள் மனைவிக்கே சேர ஆசை வந்தால் இந்தியக் கிராண்ட் லாட்ஜில் பெண்களுக்கு இடமில்லை. ஆண், பெண் இருவரையும் சேர்க்கும் கோ-மேசன்ரி என்ற தனிக் கிளை உண்டு. அன்னி பெசன்ட் 1902ல் அதில் சேர்ந்து வளர்த்தார்.

வெளியே வர முடியாது என்பது வதந்தி. பாக்கிச் சந்தாவைக் கட்டிவிட்டு, ராஜினாமா என்று ஒரு கடிதம் செயலாளருக்கு எழுதினால் போதும். எங்கள் லாட்ஜில் அப்படிப் போனவர் ஒருவர் ஆறு வருடம் கழித்துத் திரும்ப வந்து கேட்டார். அவருக்காகவும் அந்த மரப்பெட்டி மறுபடி ஒரு சுற்று சுற்றியது.