மறுமொழி: இரண்டு பாடல்கள் சேரும்போது பேஸ் குழம்புவது பற்றி

வணக்கம். கோண்டாவில் மண்டபத்தில் டிஜே மிக்சரில் இரண்டு பாடல்களை இணைக்கும்போது பேஸ் (தாழ்ந்த) ஒலி குழம்பி, ஒலி அளவு காட்டும் மீற்றர் சிவப்புக்கு ஏறுவதாகவும், தெளிவு வேண்டி மற்றைய ஈக்யூ குமிழ்களை (தாழ், நடு, உயர் ஒலிகளைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உள்ளவை) கூட்டிப் பார்த்ததாகவும் எழுதியிருந்தீர்கள். கூட்டுவதுதான் சிக்கலை வளர்க்கிறது. முதலில் மூன்று குமிழ்களையும் நடுவில், அதாவது 0 டெசிபெலில் நிறுத்திவிட்டு, பாடலின் மிகச் சத்தமான பகுதியில் அந்தச் சனலின் மீற்றர் 0 ஐ ஒட்டி நிற்குமாறு ட்ரிம் குமிழை (சனலுக்குள் வரும் ஒலியின் அளவை அமைப்பது) சரிசெய்யுங்கள். பல மிக்சர்களில் ஈக்யூ 6 டெசிபெல் வரை கூட்டும், 26 டெசிபெல் வரை குறைக்கும்; அது பெரும்பாலும் குறைப்பதற்கென்றே அமைந்த கருவி என்பது என் உறுதியான கருத்து. 6 டெசிபெல் கூட்டுவது அம்பிளிஃபயரிடம் நான்கு மடங்கு வலுவைக் கேட்பதாகும்.

இரண்டாவது பாடலை அதன் பேஸை முழுவதும் குறைத்த நிலையில் உள்ளே கொண்டுவந்து, புதிய தாளச் சுற்று தொடங்கும் இடத்தில் பழைய பாடலின் பேஸைக் குறைத்துக்கொண்டே புதியதன் பேஸை நடுவுக்கு உயர்த்துங்கள். இரண்டு பேஸும் ஒருசேர முழு அளவில் ஒலிக்கக் கூடாது.

ஆட்கள் நிறைந்ததும் மண்டபம் உயர் அதிர்வெண்களை அதிகம் உறிஞ்சும். அதற்கான திருத்தத்தை, வசதியிருந்தால், ஒலிபெருக்கிகளுக்கு முன்னுள்ள கிராபிக் ஈக்யூவில் (மண்டபத்துக்கான முழு ஒலியையும் பல அதிர்வெண் பட்டைகளாகத் திருத்தும் தனிக் கருவி) செய்யுங்கள். சனல் குமிழ்களைப் பாடல்களை இணைப்பதற்கு மட்டும் வைத்திருங்கள்.