பூங்கா ரயிலின் பூர்விகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிரெஸ்டன் நகரப் பூங்காவில் சிறுவர்கள் நடத்தும் குட்டி ரயிலைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். சோவியத் ஒன்றியத்தைப் பார்த்துக் கிழக்கு ஜெர்மனி செய்துகொண்ட பிரச்சாரப் பொம்மைதானே அது? அதற்கு வரலாறு என்று என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வதில் பாதி சரி. சிறுவர்களைக் கொண்டே ரயில் நடத்தும் ஏற்பாடு சோவியத் நாட்டில் வேரூன்றியதுதான். 1935இல் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியின் முஷ்தாயித் பூங்காவில் திறந்த பாதை அவற்றுள் மிக மூத்தவற்றில் ஒன்று. டிரெஸ்டனில் 1950 ஜூன் 1 அன்று ஓடத் தொடங்கிய 'சிறுவர் ரயில்' மறு ஆண்டே அங்கிருந்த சிறுவர் இயக்கத்தின் பெயரால் 'முன்னோடிகள் ரயில்' ஆனது. பிரச்சாரம் இல்லை என்று நான் வாதிட வரவில்லை.

ஆனால் தண்டவாளத்தை அளந்து பார்த்தால் வேறு கதை தெரியும். அதன் அகலம் 381 மில்லிமீட்டர், அதாவது சரியாக 15 அங்குலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் டார்பிஷரில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே பாதை போட்டுப் பார்த்த ஆர்தர் ஹேவுட் என்ற பிரபு, ஆளையும் சரக்கையும் கவிழாமல் சுமக்க 9 அங்குலம் போதாது, 15 அங்குலமாவது வேண்டும் என்று கண்ட அளவு அது. பொதுவுடைமைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

நீராவி எஞ்சின்களும் அப்படித்தான். முன்னே 4 சிறு சக்கரங்கள், நடுவே 6 பெரிய சக்கரங்கள், பின்னே 2 என்று அக்கால விரைவு ரயில் எஞ்சினை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினாற்போன்ற அவற்றை, ரோலண்ட் மார்ட்டென்ஸின் வடிவமைப்பில் மியூனிக்கின் கிராவுஸ் தொழிற்சாலை 1925இல் செய்தது. கிழக்கு ஜெர்மனி என்ற நாடு பிறந்ததோ 1949இல். கண்காட்சிக்கு வருவோரை ஏற்றிச் செல்லவே அவை பிறந்தன. டிரெஸ்டனிலும் 1930இல் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் இத்தகைய ரயில் ஓடியது. இன்று சிறுவர் ரயில் ஓடும் குரோசர் கார்ட்டன் பூங்காவில்தான் 1945 பிப்ரவரியில், எரியும் நகரிலிருந்து ஓடி வந்தவர்கள் இரண்டாம் அலைக் குண்டுவீச்சில் மாண்டார்கள். ஐந்தாண்டு கழித்து அந்த மண்ணில் குழந்தைகளுக்கு ரயில் விட்டதைப் பிரச்சாரம் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

1990இல் கிழக்கு ஜெர்மனி அரசு போனதும் 'முன்னோடிகள்' என்ற பெயரும் போனது. 5.6 கிலோமீட்டர்ப் பாதையும் சிறுவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். பயணச்சீட்டு, கைகாட்டி, நடைமேடைப் பொறுப்பு எல்லாம் அவர்களுடையவை. எஞ்சின் மட்டும் பெரியவர்கள் கையில். சீருடையணிந்த சிறுமி ஒருத்தி கதவுகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைக்கோலை உயர்த்தும்வரை, எஞ்சின் கூரைக்கு மேலே தலை தெரிய உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் காத்திருக்கத்தான் வேண்டும்.