கொதியெண்ணெய் பட்ட கை: மஞ்சள் படலமெல்லாம் சீழ் அல்ல

கேள்வி: நேந்திரங்காய் சிப்ஸ் கடை நடத்துகிறோம். ஐந்து நாளுக்கு முன் என் கணவரின் புறங்கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் வெள்ளை ஆயின்ட்மெண்ட் தந்தார்கள். இப்போது புண்மேல் மஞ்சளாக ஒரு படலம். சீழ் பிடித்துவிட்டது, நன்றாகத் தேய்த்துக் கழுவி ஆன்டிபயாட்டிக் கொடு என்கிறார்கள் பார்க்கிறவர்கள். செய்யலாமா?
வாசகி, களியக்காவிளை

பதில்: தேய்க்காதீர்கள். வெள்ளை ஆயின்ட்மெண்ட் என்றால் பெரும்பாலும் சில்வர் சல்பாடயசினாக இருக்கும். அது புண்ணில் ஊறும் நீரோடு கலந்து மஞ்சளாகப் படிவது வழக்கம். பார்க்கச் சீழ் மாதிரியே இருக்கும்.

புண்ணுக்குள் நடப்பது இது. சுட்டவுடன் தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற காவல் அணுக்கள், வீக்கமும் அரிப்பும் தரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் கசிகின்றன. கொப்புளமும் வீக்கமும் வருகின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து சேரும். முதல் இரண்டு நாளில் அவைதான் அதிகம். கிருமியை விழுங்கும், நொதிகளைக் கக்கிச் செத்த தோலைக் கரைக்கும். ஆனால் அந்த நொதிக்குச் செத்த தோல், பிழைக்கும் தோல் என்ற பேதம் தெரியாது. முழுக்கச் செத்த நடுப்பகுதியைச் சுற்றி ரத்த ஓட்டம் மந்தமான ஒரு வளையம் உண்டு என்று 1953இல் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். புண் ஆழமாவதும் ஆகாததும் அந்த வளையம் பிழைப்பதைப் பொறுத்தது. சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டச் சொல்வது சூட்டைத் தணிக்க மட்டுமல்ல, இந்த வளையத்தைக் காப்பாற்றவும்தான். மூன்று மணி நேரத்துக்குள் காட்டினாலும் பலனுண்டு. ஐஸ் வைத்தால் ரத்தக் குழாய் சுருங்கி அந்த வளையமும் சாகும். பற்பசை, மை எதுவும் வேண்டாம். கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் நாளில் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கணுக்கள் வேலையில் இருக்கும். அழுத்தித் தேய்த்தால் அப்போதுதான் ஓரத்திலிருந்து ஊர்ந்து வரும் புதுத்தோலும் சேர்ந்து உரிந்துவிடும். கொதித்து ஆறிய வெந்நீரையோ சலைனையோ ஊற்றி, பழைய மருந்து தானாக வழிகிற அளவுக்குக் கழுவுங்கள். பிறகு ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் புது மருந்து. இந்த மருந்து புதுத்தோல் மூடுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். புண் சுத்தமாக இருந்தால் பாரஃபின் துணிக்கட்டுக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விரல்களைச் சேர்த்துக் கட்டாமல் தனித்தனியே கட்டி, அவ்வப்போது மடக்கி நீட்டச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள்.

உண்மையான தொற்றென்றால், குறைந்துவந்த வலி திரும்பக் கூடும். சிவப்பு பரவும்; ஓரத்தில் பேனாவால் கோடு போட்டால் மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கும். நாற்றம், பச்சை நிறம், காய்ச்சல் வரலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. எதுவும் இல்லாமல் முன்கூட்டியே விழுங்கும் ஆன்டிபயாட்டிக் தொற்றைத் தடுக்காது, மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்க்கும்.

கேள்வி: அம்மைக்குச் சர்க்கரை. கால் குத்துகிறதென்று வெந்நீர்ப் பை வைத்துப் பாதத்தில் சுட்டுக்கொண்டார்கள். மூன்று வாரம் தாண்டியும் புண் ஆறவில்லை. வலிகூட இல்லையே, ஏன் இப்படி?
வாசகர், புளியரை

பதில்: வலி இல்லாததுதான் கவலை. பாதத்தில் உணர்வு செத்திருப்பதால்தான் பையின் சூடே தெரியவில்லை.

ஆறாததற்குப் பெரிய காரணம் அந்த விழுங்கணுக்கள். முதலில் அவை சண்டைக்காரர்கள். செத்த நியூட்ரோஃபில்களைத் தின்னத் தின்னக் குணம் மாறி, புது ரத்தக் குழாயையும் சதையையும் வளர்க்கும் சமிக்ஞைகளை அனுப்பும். சர்க்கரை கட்டுக்கடங்காத உடம்பில் இந்த மாற்றம் பாதியில் நின்றுவிடுகிறது. சண்டை ஓயாத புண் மூடாது. பாதத்துக்கு ரத்தமும் குறைவாக வந்தால் இன்னும் மோசம்.

மூன்று வாரம் என்பது எல்லை. அதற்குள் மூடாத தீப்புண்ணுக்குத் தோல் ஒட்டு வேண்டியிருக்கலாம். தடித்த தழும்பும் வரும். தென்காசியிலோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியிலோ அறுவைப் பிரிவில் இந்த வாரமே காட்டுங்கள். பாத ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள். சில வாரம் இன்சுலின் போடச் சொன்னால் மறுக்க வேண்டாம், புண்ணுக்கு அது பெரிய உதவி. முட்டை, மீன், பயறு கூட்டிக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெந்நீர்ப் பையை இனி எடுக்கவே கூடாது.

கேள்வி: தீப்புண் ஆறிய இடத்தில் ராத்திரியெல்லாம் அரிப்பு. ரத்தம் கெட்டுவிட்டதா?
வாசகி, பாறசாலை

பதில்: இல்லை. புதுத்தோலில் கூடியிருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை விடுகின்றன, நரம்பும் புதிதாக வளர்கிறது. வறண்டால் அரிப்பு கூடும். மூடிய தோலில் தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத கிரீமோ நாளைக்கு மூன்று நான்கு முறை தடவுங்கள். தூக்கம் கெட்டால் இரவில் அரிப்புக்கான செட்ரிசின் மாத்திரை போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், வெயில் படாமல் மூடுங்கள்.