பிப்ரவரி லேனியரில் பாஸ் எங்கே நிற்கிறது?

கேள்வி: ஜார்ஜியா மாநிலத்தில் கமிங்கில் குடியிருக்கிறேன். லேனியர் ஏரி வீட்டுக்குப் பக்கம்தான். போன மே மாதம் கரையில் நின்றே பாஸ் மீன்கள் பிடித்தேன். இப்போது அதே இடத்தில், அதே செயற்கை இரைகளோடு, பிப்ரவரி முழுக்கச் சனிக்கிழமைதோறும் காலை 9 முதல் 12 மணி வரை நிற்கிறேன். ஒரு மீன்கூட இரையைத் தொடவில்லை. குளிர் முடியும்வரை தூண்டிலை எடுத்து வைத்துவிடலாமா? நண்பர் தன் காயாக்கை, அதாவது சிறு துடுப்புப் படகை, தருவதாகச் சொல்கிறார். அதில் போனால் கிடைக்குமா? கிடைத்தால் குழம்பு வைக்கலாமா?

பதில்: தூண்டிலை எடுத்து வைக்க வேண்டாம். முட்டையைச் சுமந்துகொண்டு பெரிய பாஸ்கள் ஆழத்திலிருந்து கரைப் பக்கம் நகரத் தொடங்குவதே பிப்ரவரிப் பிற்பாதியில்தான். நீங்கள் நிற்கும் இடமும் நேரமும், இரையை இழுக்கும் வேகமும் மே மாதத்துக்கு உரியவை. சிக்கல் அவ்வளவுதான்.

இந்த நாள்களில் லேனியரின் மேல்மட்ட நீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். மீனின் உடல் வெப்பமும் ஏறக்குறைய அதுவே. செரிமானம் மந்தப்பட்டிருப்பதால் விழுங்கிய ஒரு மீன் வயிற்றில் நெடுநேரம் கிடக்கும். அடுத்த இரைக்கு அவசரம் இல்லை. ஆனால் நீர் 60 டிகிரியைத் தாண்டியதும் முட்டையிட வேண்டும், அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ளவும் வேண்டும். ஆகவே மீன் தின்னாமல் இல்லை. துரத்தித் தின்பதை விட்டுவிட்டது. கைக்கெட்டிய தூரத்தில் தளர்ந்து கிடப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இனி, அது எங்கே நிற்கிறது என்பது. பலர் இதை "ஆழமா, கரையா" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் தொடங்கினால் விடை கிடைக்காது. பார்க்க வேண்டியது ஆழத்திலிருந்து கரைக்கு வரும் வழியை. லேனியர் இயற்கையான ஏரி அல்ல. சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே கட்டிய பியூஃபோர்ட் அணையில் 1956இல் நீரைத் தேக்கியபோது மூழ்கிய மலைப்பள்ளத்தாக்கு. சுமார் 38,000 ஏக்கர் பரப்பு. ஏரி கைகளை நீட்டியதுபோல நிலத்துக்குள் நுழையும் ஒவ்வோர் இடமும் ஒரு பழைய ஓடை. அந்த ஓடையின் பள்ளம் நீருக்கடியில் இன்னும் அப்படியே இருக்கிறது. 40 அடி ஆழத்தில், வெட்டாமல் விட்ட மரங்கள் நிற்கும் இடத்தில் தொடங்கி, கரையருகே ஐந்தாறு அடியில் முடிகிறது. உள்ளூர்த் தூண்டில்காரர்கள் இதை "டிச்" என்பார்கள். மேய்ச்சல் மாடுகள் ஆண்டு முழுக்க ஒரே துறையில் தண்ணீருக்கு இறங்குவதுபோல, பாஸ்கள் ஏறி இறங்குவது இந்தப் பள்ளத்தின் வழியாகத்தான்.

நீங்கள் நிற்பது ஏரிக் கையின் கோடியில், தட்டையான மணல் மேட்டில் என்று ஊகிக்கிறேன். மே மாதத்தில் மீன் கிடைத்த இடம் என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இப்போது அங்கே மீன் வந்து நிற்கக் காரணமே இல்லை. கையின் கோடியை விட்டு நடுப்பகுதிக்கு வாருங்கள். கரையில் இரண்டு மேடுகளுக்கு நடுவே மழைநீர் அரித்த பள்ளம் இறங்கும் இடத்தைத் தேடுங்கள். நிலத்தின் சரிவு தண்ணீரின் விளிம்போடு நின்றுவிடுவதில்லை, உள்ளேயும் அதே போக்கில் போகும். உங்கள் பக்கத்து கரையிலுள்ள பால்ட்ரிட்ஜ், யங் டியர், சிக்ஸ் மைல் ஆகிய மூன்று ஓடைக் கைகளிலும் இப்படிப் பள்ளங்கள் நிறைய. கோடையில் கடல்மட்டத்துக்கு மேல் 1,071 அடி என வைக்கும் நீர்மட்டத்தைக் குளிர்காலத்தில் 1,070 அடிக்கு இறக்குவார்கள். வறண்ட ஆண்டில் அதற்கும் கீழே போகும். அப்போது கரையோரமாக ஒரு நடை போய், வெளியே தெரியும் பள்ளங்களையும் பாறைகளையும் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். 2007 டிசம்பரில் பெரும் வறட்சியில் நீர்மட்டம் 1,051 அடிக்கும் கீழே போனது. அன்றைய படங்கள் கிடைத்தால் விடாதீர்கள், எந்த ஆழமானியும் அந்த அளவுக்குக் காட்டாது.

அடுத்தது நேரம். பொழுது புலரும்போது ஷாட், ஹெரிங் போன்ற சிறு மீன் கூட்டங்கள் பள்ளத்தின் வழியே மேலேறும். பின்னாலேயே ஸ்பாட்டட் பாஸ்கள் வரும். லேனியரில் அதிகம் இருப்பது இந்த இனம்தான். சூரியன் எழுந்து ஓரிரு மணி நேரத்தில் கூட்டம் மறுபடி ஆழத்துக்கு இறங்கிவிடும். பிப்ரவரி நடுவில் சூரிய உதயம் 7:20 வாக்கில். நீங்கள் 9 மணிக்கு வந்து நிற்கும்போது காலைப் பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. மதியப் பந்தியோ 2 மணிக்கு மேல்தான். நீங்கள் கிளம்பிப் போன பிறகு! ஒன்று 6:45க்கே பள்ளத்தின் முகப்பில் நில்லுங்கள், இல்லாவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். காலையில் போவதானால் பூங்கா வாயில் எப்போது திறக்கும் என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்; குளிர்காலத்தில் சில பூங்காக்களை மூடியே வைத்திருப்பார்கள்.

கரையில் நிற்பவருக்கு நான் சொல்வது மதியத்தைத்தான். பிப்ரவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அதனால் ஏரிக் கையின் வடக்குக் கரைக்கு, அதாவது தெற்கு நோக்கிய கரைக்கு, நாள் முழுக்க வெயில் விழும். வாடைக்காற்றும் அங்கே அடங்கியிருக்கும். அந்தக் கரையில் பாறையோ, அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் சரிவோ இருந்தால் இன்னும் நல்லது, கல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். நல்ல வெயில் நாளில் மதியம் 3 மணிக்கு, அந்தக் கரையோர நீர் எதிர்க்கரையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருப்பதைச் சாதாரண வெப்பமானியிலேயே பார்க்கலாம். நண்டு போன்ற கிரேஃபிஷ்கள் அந்தக் கல்லிடுக்குகளில் அசையத் தொடங்கும். பாஸ் ஆழத்திலிருந்து ஏறிவருவது அவற்றைத் தேடித்தான். வெயிலும் கல்லும் பத்தடி தூரத்தில் ஆழமும் ஒன்றாகக் கூடும் இடம் கிடைத்தால், மாலை வரை அங்கிருந்து நகராதீர்கள்.

வெப்பமானி வாங்கினால் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 52 டிகிரி என்பது நேற்று 49ஆக இருந்து ஏறிய 52 என்றால் மீன் மேலே வருகிறது. நேற்று 55ஆக இருந்து இறங்கிய 52 என்றால் பள்ளத்தின் வழியே பத்து இருபது அடி கீழே போயிருக்கும். பகல் வெயிலைவிட இரவுக் குளிரைக் கவனியுங்கள்: தொடர்ந்து மூன்று இரவுகள் இதமாக இருந்தால், நான்காம் நாள் அலுவலகத்துக்கு விடுப்பு எடுப்பதில் தவறில்லை. தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான மழையும் நல்லது. அதன் பிறகு ஓடை கலக்கும் முனையில் செம்மண் கலங்கலோடு சூடான நீர் வந்து சேரும், கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டில் மீன் நிற்கும். குளிர்மழை என்றால் அதே முனை பாழ். குளிர்க்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், வானம் மேகமே இல்லாமல் நீலமாக இருக்கும். பார்க்க அழகான நாள், தூண்டிலுக்கு மோசமான நாள். சந்திரன் நிலையைப் பார்த்து மீன் கடிக்கும் நேரம் சொல்லும் அட்டவணைகளும் விற்கிறார்கள். அந்தக் காசுக்கு இன்னோர் இரை வாங்கலாம்.

இரைக்கு வருவோம். இரண்டு போதும்: ஜெர்க்பெய்ட் ஒன்று, ஜிக் ஒன்று. மே மாதத்துச் சுழல்தகட்டு இரைகளைப் பெட்டியிலேயே வையுங்கள்.

ஜெர்க்பெய்ட் என்பது விரல் கனத்தில், நான்கு அங்குல நீளத்தில், கீழே மும்முள் தொங்கும் பிளாஸ்டிக் மீன். இழுப்பதை நிறுத்தினால் மிதக்காமலும் மூழ்காமலும் நீரின் நடுவில் அப்படியே நிற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இந்தப் பருவத்தில் இது பலிப்பதற்குக் காரணம் உண்டு. ஷாட் மீனுக்குக் குளிர் தாங்காது. நீர் 45 டிகிரியை நெருங்கினாலே துவண்டு, ஒருக்களித்து, ஒரு துடிப்பும் நீண்ட ஓய்வுமாக மிதக்கும். நீங்கள் காட்ட வேண்டியது அந்தத் துடிப்பையும் ஓய்வையும்தான். வீசியபின் நாலைந்து சுற்று சுற்றி இரையை ஆழத்துக்கு இறக்குங்கள். கோலின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, மணிக்கட்டால் இரண்டு சுண்டு சுண்டுங்கள். சுண்டிய மறுகணமே கோலை முன்னால் விட்டுத் தூண்டில் நரம்பைத் தொய்ய விடுங்கள். நரம்பு தொய்ந்தால்தான் இரை தலையைத் திருப்பிப் பக்கவாட்டில் பளிச்சிடும்; இறுக்கமாகவே பிடித்திருந்தால் நேர்கோட்டில் ஓடிவந்துவிடும். பிறகு பத்து வரை எண்ணுங்கள். அவசரமில்லாமல், மனத்துக்குள் சொல்லிச் சொல்லி. மீன் தொடுவது எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான், சுண்டும்போது அல்ல. பொறுமை போகும் இடமும் இதுவே.

கடைக்காரர் சொல்லாத ஒன்று: "நடுவில் நிற்கும்" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது எல்லா நீருக்கும் பொருந்தாது. குளிர்ந்த நீர் அடர்த்தி மிக்கது. கோடையில் நடுவில் நிற்கும் இரை பிப்ரவரியில் மெல்ல மேலே வரும். முதலில் காலடியில் போட்டுப் பாருங்கள். மேலே வந்தால், முன்பக்க முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி போடுங்கள். மூக்கு சற்றே தாழ்ந்து அசையாமல் நிற்கும்வரை சரிசெய்யுங்கள்.

ஜிக் என்பது முள்ளின் தலையில் ஈயக் குண்டு வைத்த இரை. அது பாறைச் சரிவுக்கு. பழுப்பு அல்லது கரும்பச்சை நிறம், 3/8 அவுன்ஸ் எடை. அடியைத் தொடும்வரை விட்டு, கோலைப் பக்கவாட்டில் ஓரடி நகர்த்தித் தரையோடு இழுத்து நிறுத்துங்கள். கல்லில் ஏறி இறங்குவது கையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேகம் அதிகம். இரண்டு இரைக்கும் 8 அல்லது 10 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்பு போதும். தடித்த நரம்பு இரையை ஆழத்துக்குப் போக விடாது. இந்தத் தெளிந்த நீரில் மீனின் கண்ணிலும் படும்.

மே மாதத்தில் கை அதிர்ந்ததுபோல இப்போது அதிராது. நரம்பு ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகரும், அல்லது ஈரத் துணி மாட்டியதுபோல ஒரு பாரம் சேரும். சந்தேகமாக இருந்தால் இலையென்று நினைத்து உதறாமல், கோலை ஒரே சீராகப் பின்னால் இழுத்து முள்ளை ஏற்றுங்கள். உங்கள் மீனில்லாச் சனிக்கிழமைகளில் ஓரிரு மீன்கள் இப்படித் தொட்டுவிட்டுப் போயிருக்கவும் கூடும்.

காயாக்கில் போனால் கிடைக்கும், ஐயமில்லை. பள்ளத்தின் ஆழமான பகுதிக்கு மேலேயே நிற்கலாம். ஆனால் உங்கள் கேள்வியில் காயாக் ஓட்டிப் பழக்கம் உண்டு என்று இல்லை. பழக்கமில்லை என்றால் இந்த ஆண்டு வேண்டாம் என்பதே என் கருத்து. 50 டிகிரி நீரில் விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு நம் வசம் இருக்காது. விழுந்த அதிர்ச்சியில் வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கும், தலை நீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். சில நிமிடங்களில் விரல்கள் பிடிப்பை இழக்கும். நல்ல நீச்சல்காரரும் அந்த நீரில் கரை சேர முடியாமல் போவது அதனால்தான். காற்று 70 டிகிரியாக இருக்கும் வெயில் நாளில்தான் இந்த ஆபத்தை மறந்துவிடுவோம். போயே தீருவேன் என்றால், உயிர்காப்பு அங்கியை மடியில் வைக்காமல் உடம்பில் மாட்டி, நீரின் குளிருக்கேற்ற உடை போட்டு, கூட ஒருவரோடு, கரையை ஒட்டியே போங்கள். ஆழத்தில் பிடித்த மீனின் காற்றுப்பை உப்பிவிடும் என்பதால், 35 அடிக்குக் கீழிருந்து எடுத்ததை விடுவதானால் படம் பிடிக்க நேரம் கடத்தாமல் உடனே விடுங்கள்.

குழம்பு தாராளமாக வைக்கலாம். 16 வயது நிறைந்தவருக்கு மாநில உரிமம் கட்டாயம். நீளத்துக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஜார்ஜியா இயற்கை வளத் துறையின் நடப்பாண்டு விதிகளில் லேனியருக்கென்று தனியாகச் சொல்லியிருப்பதைப் படித்துவிட்டுப் போங்கள். ஸ்பாட்டட் பாஸ் சட்டஹூச்சிக்குச் சொந்தமான மீன் அல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. அதனால் விதிக்கு உட்பட்டு ஒன்றிரண்டை எடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. வயிறு புடைத்த பெரிய பெண் மீனை மட்டும் திருப்பி விடுங்கள். சிறியதுதான் ருசி, தோலுரித்து முதுகுச் சதையைத் துண்டமாக எடுத்தால் முள் தொல்லையும் இல்லை. சதை மென்மையானது, புளி கொதித்து அடங்கிய பிறகு போட்டால் போதும். பாதரசம் சேரும் வாய்ப்பு இருப்பதால், எந்த நீரின் மீனை எவ்வளவு இடைவெளியில் சாப்பிடலாம் என்று அதே துறை வழிகாட்டி வெளியிடுகிறது. வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தால் அடுப்பேற்றுமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.