தலைப்பிரசவத்தில் வலி வந்த பிறகு தண்ணீர் குடிக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால் தேதி நெருங்கிவிட்டது, யாரோ "ஒரு சொட்டுகூடக் கூடாது" என்று பயமுறுத்தியும் இருக்கிறார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

17 மணி நேரம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, வாயைத் திறந்தால் உதட்டோரம் வெடித்தது. வலியைத் தாங்கினேன், தாகத்தைத் தாங்க முடியவில்லை. "சிஸ்டர், ஒரே ஒரு வாய்" என்றால், "பொறுத்துக்கோம்மா, திடீர்னு சிசேரியன்னா என்ன பண்றது?" என்பார். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டு அவர் திரும்பியதும், அந்தப் பஞ்சை எடுத்து உறிஞ்சினேன். சிறுநீர் அடர் மஞ்சளாக அரை டம்ளர்கூடத் தேறவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் ட்ரிப்ஸே ஏற்றினார்கள்.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது தெரியுமா? முழு மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகிறது என்று 1946-இல் மெண்டல்சன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். இன்று சிசேரியன் பெரும்பாலும் முழு மயக்கம் இல்லாமல், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துத்தான். சிக்கல் இல்லாத பிரசவத்தில் குடிக்கவும் சாப்பிடவும் விடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-இல் சொல்லிவிட்டது.

உடனே சண்டைக்கு வராதீர்கள், நான் டாக்டர் இல்லை. ரத்த அழுத்தம் அதிகம், சிசேரியனுக்கு வாய்ப்பு அதிகம் என்றால் கணக்கே வேறு, உங்கள் டாக்டர் சொல்வதுதான். அதற்காக லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள். வலியைக் கூட்ட ஏற்றும் ஆக்ஸிடோசின் உடம்பில் நீரைத் தேக்கும், ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கிவிடும்.

இரண்டாவது பிரசவம் வேறு மருத்துவமனை. ஒவ்வொரு வலியும் அடங்கியதும் அக்கா ஸ்ட்ராவை வாயில் வைப்பாள், இரண்டு மடக்கு. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை கழிப்பறைக்கு நடக்க வைத்தாள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் குழந்தையின் தலை இறங்கவும் தடையாகும்.

அப்புறம், கேட்காத ஒன்று. முதல் குழந்தை மூன்றாம் நாளில் 240 கிராம் குறைந்தான். "உனக்குப் பால் பத்தல" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. எனக்கு ஏற்றிய ட்ரிப்ஸ் நீர் அவன் உடம்பிலும் சேர்ந்து பிறப்பு எடையைக் கூட்டிக் காட்டும், பிறகு சிறுநீராகப் போய்விடும் என்று அன்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. புட்டிப்பாலைக் கரைத்துக் கையில் கொடுத்தார்கள், அழுதுகொண்டே ஊட்டினேன். அந்த டப்பாவால்தான் பிள்ளை பிழைத்தான் என்று அத்தை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.